விமான நிலைய நெரிசல்: இன்றைய வரிசை எப்போது தொடங்கியது?

அடுத்த முறை விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கும்போது ஸ்கேனரைப் பார்க்காதீர்கள். அதற்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சோதனை முடிந்த ட்ரேக்கள் வந்து சேரும் இடத்தில் உருளைகள் பதித்த ஒரு மேசை இருக்கும். மூன்று நான்கு மீட்டர் நீளம் இருந்தால் அதிகம். ஒருவர் இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டிருப்பார். ஒரு தாய் குழந்தையை இடுப்பில் வைத்தபடியே பால் புட்டியைப் பைக்குள் திணித்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் லேப்டாப்பை எந்த ட்ரேயில் வைத்தோம் என்று தேடுவார். மேசை நிறைந்துவிட்டால் பின்னால் வரும் ட்ரேக்கு இடமில்லை, பெல்ட் நின்றுவிடும். மெஷின் நன்றாக இருக்கிறது, ஊழியர்களும் இருக்கிறார்கள், ஆனால் வேலை நடக்கவில்லை. இந்தப் பக்கம் 200 பேர் நிற்கிறார்கள்.

அந்த இடத்தில் வரிசையின் வேகத்தை முடிவு செய்வது ஸ்கேனர் இல்லை, மேசையின் நீளம். விமான நிலையம் முழுவதும் இப்படித்தான் இயங்குகிறது. சாலை, செக்-இன் கவுன்ட்டர், பாதுகாப்புச் சோதனை, இமிக்ரேஷன், கேட், விமானம் ஊர்ந்து செல்லும் டாக்ஸிவே, ஓடுபாதை, அதற்கு மேலே வான்வெளி என எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி. எந்தக் கண்ணி மிகவும் குறுகலோ அதுதான் மொத்த நிலையத்தின் கொள்ளளவு. அதைச் சரி செய்தால் நெரிசல் அடுத்த குறுகலான இடத்துக்கு நகர்ந்துவிடும். பளபளவென்று புது முனையம் கட்டித் திறந்த பிறகும் விமானம் தாமதமாகிறதே என்று மக்கள் கேட்பது இதனால்தான். முனையம் புதிது, ஓடுபாதை பழையதுதானே.

சில சமயம் குறுகலான கண்ணி கட்டடமாகக்கூட இருக்காது. 2022 கோடையில் லண்டன் ஹீத்ரோ நிலையம் ஒரு நாளைக்கு 1,00,000 பேருக்கு மேல் புறப்படக் கூடாது என்று வரம்பு விதித்தது. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோலும் அதே கோடையில் பயணிகள் எண்ணிக்கையைக் குறைத்தது. ஒரு செங்கல்கூடக் குறையவில்லை. கொரோனா காலத்தில் வேலையை விட்டுப் போன பெட்டி தூக்குவோரும் சோதனை ஊழியர்களும் திரும்பி வரவில்லை. வந்த புதியவர்களுக்குப் பின்புலச் சரிபார்ப்பும் பயிற்சியும் முடிய மாதக்கணக்கில் ஆனது.

ஓடுபாதையின் கதை வேறு. ஒரு விமானம் பறக்கும்போது இரண்டு இறக்கைகளின் நுனியிலிருந்தும் காற்றுச் சுழல்கள் பின்னால் நீளும். பெரிய விமானம் விட்டுச் சென்ற சுழலுக்குள் சின்ன விமானம் நுழைந்தால் புரண்டுவிடக்கூடும். அதனால் பெரிய விமானத்துக்குப் பின்னால் வருவது சில கிலோமீட்டர் தள்ளித்தான் வர வேண்டும். அவசரப்படுத்த முடியாத விஷயம் இது. எவ்வளவு திறமையாக நடத்தினாலும் ஒரு ஓடுபாதையில் மணிக்கு 50, 55 விமானங்கள் என்பதே உச்சத்துக்குப் பக்கம். லண்டனின் இன்னொரு விமான நிலையமான கேட்விக், 2019-ல் ஒரே ஓடுபாதையை வைத்துக்கொண்டு 4.6 கோடிப் பயணிகளைக் கையாண்டது. அதில் ஒரு விமானம் டயர் வெடித்துப் பத்து நிமிடம் நின்றாலும் அன்றைய நாள் முழுக்கக் கால அட்டவணை தடுமாறும்.

நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது?

நெரிசலைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் ஒருவருக்குச் சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது, காத்திருப்பு அப்படிக் கூடுவதில்லை.

ஒரு கவுன்ட்டரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குச் சராசரியாக ஒரு நிமிடம் ஆகிறது. சிலருக்கு அரை நிமிடம், விசாவில் சிக்கல் இருப்பவருக்கு நான்கு நிமிடம். ஆட்களும் மணி அடித்தாற்போல் வருவதில்லை. சில நேரம் யாருமே இல்லை, சில நேரம் ஒரு குடும்பமே வந்து நிற்கும். இப்படிப்பட்ட கவுன்ட்டரில் ஊழியர் தன் நேரத்தில் பாதியில் வேலையாக இருந்தால், வருபவர் சராசரியாக ஒரு நிமிடம் காத்திருப்பார். 80 சதவீத நேரம் வேலையாக இருந்தால் 4 நிமிடம். 90 சதவீதம் என்றால் 9 நிமிடம். 95 சதவீதம் என்றால் 19 நிமிடம்.

கடைசி இரண்டு எண்களை இன்னொரு தடவை பாருங்கள். 90-லிருந்து 95-க்குப் போக, வருபவர்களின் எண்ணிக்கை 6 சதவீதம்கூடக் கூடியிருக்காது. காத்திருப்பு இரட்டிப்பாகிவிட்டது. இதில் மாயம் எதுவும் இல்லை. ஊழியருக்கு ஓய்வு நேரம் இருந்தவரை, திடீரென்று வந்த கூட்டத்தை அந்த ஓய்வு நேரம் விழுங்கிக்கொண்டிருந்தது. ஓய்வு நேரம் காலியானதும் ஒவ்வொரு தாமதமும் அடுத்தவர் தலையில் விழுகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் என்பவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்துக்காக இந்த வகைக் கணக்கைப் போடத் தொடங்கி 1909-ல் முதல் கட்டுரையை வெளியிட்டார். தொலைபேசி அழைப்புக்குப் பொருந்தியது கவுன்ட்டருக்கும் ஓடுபாதைக்கும் பொருந்துகிறது.

நிதி ஒதுக்குபவர்களின் கண்ணில் இது எப்படிப் படும் என்று யோசித்துப் பாருங்கள். 80 சதவீதத்தில் நிலையம் அருமையாக நடக்கிறது. யாரும் புகார் சொல்வதில்லை. "இன்னும் 20 சதவீதம் சும்மாதானே இருக்கிறது, இப்போது எதற்குப் பணம்?" என்ற கேள்வி நியாயமாகவே தோன்றும். ஆனால் அந்த 20 சதவீதம் சும்மா இருக்கவில்லை, அதுதான் வரிசையைத் தடுத்துக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளில் 95-ஐத் தொட்டதும் பத்திரிகையில் படம் வருகிறது, சட்டமன்றத்தில் கேள்வி எழுகிறது. அன்றைக்கு முடிவெடுத்தால் ஓடுபாதை வர இன்னும் 15 ஆண்டு ஆகும். நாம் இன்று நிற்கும் வரிசை, யாருமே புகார் சொல்லாத அந்த நல்ல காலத்தில் தொடங்கியது.

இதோடு சேர்ந்த இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆண்டின் மிக நெரிசலான ஒரு மணி நேரத்தைத் தாங்கும்படி எந்த நிலையத்தையும் கட்டுவதில்லை. கட்டினால் மீதி நாளெல்லாம் காலியாகக் கிடக்கும். ஆண்டில் 8,760 மணி நேரம் இருக்கிறதல்லவா, அதை நெரிசல் வரிசையில் அடுக்கி, 30-ஆவது இடத்தில் வரும் மணி நேரத்துக்கு ஏற்பக் கட்டுவது பழைய வழக்கம். அதாவது 29 மணி நேரம் கூட்டம் பிதுங்கும் என்று தெரிந்தேதான் திட்டம் போடுகிறார்கள். அதில் தவறு காண முடியாது, பொதுப் பணத்தை அப்படித்தான் செலவு செய்ய வேண்டும். ஆனால் கட்டடம் அப்படியே இருக்க, பயணிகள் கூடிக்கொண்டே போனால் அந்த 29 மணி நேரம் 300 ஆகும், அப்புறம் தினமும் காலையும் மாலையும் ஆகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத நெரிசல்

எல்லா நெரிசலும் வரிசையாகத் தெரிவதில்லை. மிக நெரிசலான நிலையங்களில் இறங்கவும் ஏறவும் விமான நிறுவனங்களுக்கு நேரம் ஒதுக்கப்படும். அதற்கு ஸ்லாட் என்று பெயர். ஒரு பருவத்தில் கிடைத்த ஸ்லாட்டில் 80 சதவீதமாவது பயன்படுத்தினால் அடுத்த ஆண்டும் அது உங்களுக்கே. புதிதாக வருபவருக்கு மிச்சம் மீதிதான். 2016-ல் ஓமன் ஏர், ஹீத்ரோவில் ஒரே ஒரு ஜோடி ஸ்லாட்டுக்கு 7.5 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தி வந்தது. காலையில் ஒரு முறை இறங்கி ஒரு முறை ஏறும் உரிமைக்கு அந்த விலை. அந்தப் பணம் ஓடுபாதை கட்டப் போகவில்லை, ஸ்லாட்டை வைத்திருந்த இன்னொரு நிறுவனத்துக்குப் போனது. இப்படிப்பட்ட நிலையத்தில் வரிசை சிறியதாக இருக்கலாம். நெரிசல் அங்கே டிக்கெட் விலையாகவும், தொடங்கப்படாத விமான சேவையாகவும் ஒளிந்திருக்கும்.

லிஸ்பனின் கதை

சரி, தேவை தெரிந்தும் அரசுகள் ஏன் இவ்வளவு மெதுவாகச் செலவு செய்கின்றன? இதற்குப் போர்ச்சுகலின் தலைநகரை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

லிஸ்பனின் இன்றைய விமான நிலையம் 1942-ல் திறக்கப்பட்டது. நகரம் அதைச் சுற்றி வளர்ந்துவிட்டது. விமானங்கள் வீடுகளின் கூரைக்கு மேலே தாழப் பறந்து இறங்குகின்றன. புது நிலையம் வேண்டும் என்று 1969-லேயே அரசு ஓர் அலுவலகம் அமைத்தது. 1999-ல் ஓட்டா என்ற இடம் தேர்வானது. எட்டு ஆண்டுகள் விவாதித்து அதைக் கைவிட்டார்கள். 2008-ல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அல்கோஷேட் என்றார்கள். கொஞ்ச நாளில் கடன் நெருக்கடி வந்தது, 2011-ல் நாடு வெளியே கைநீட்ட வேண்டியதாயிற்று, திட்டம் அலமாரிக்குப் போனது. பிறகு மோன்டிஜோவில் உள்ள ராணுவ விமானத்தளத்தை விரிவாக்கலாம் என்ற யோசனை வந்தது. 2022-ல் துறை அமைச்சர் ஒரு முடிவை அறிவித்தார், மறுநாளே பிரதமர் அதை ரத்து செய்தார். கடைசியில் நிபுணர் குழு ஒன்று எல்லா இடங்களையும் திரும்ப ஆராய்ந்த பின், 2024 மே மாதம் மறுபடியும் அல்கோஷேட் என்றே அரசு அறிவித்தது. 16 ஆண்டு சுற்றிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். அப்போது அரசு சொன்ன இலக்கு 2034. இதற்கிடையில் ஒரே ஓடுபாதை உள்ள அந்தப் பழைய நிலையம் 2024-ல் ஏறத்தாழ 3.5 கோடிப் பேரைச் சுமந்தது.

இதில் யாரும் முட்டாள்தனமாக நடந்துகொண்டதாக நான் நினைக்கவில்லை. ஓட்டாவைக் கைவிடக் காரணங்கள் இருந்தன. கையில் காசில்லாத நேரத்தில் விமான நிலையம் கட்ட முடியாது. மோன்டிஜோவுக்குப் பக்கத்தில் பறவைகள் வந்து தங்கும் கழிமுகம் இருக்கிறது. ஒவ்வொரு தயக்கத்துக்கும் காரணம் இருந்தது. ஆனால் தயங்கிய ஆண்டுகளிலும் பயணிகள் கூடிக்கொண்டேதான் இருந்தார்கள், தயக்கத்துக்கான விலையை எந்த பட்ஜெட்டும் தனி வரியாகக் காட்டவில்லை.

அரசின் பண வழக்கமே இதற்குத் துணை போகிறது. பட்ஜெட் ஓராண்டுக்கு, ஆட்சி நான்கைந்து ஆண்டுக்கு, ஓடுபாதை 15 ஆண்டுக்கு. நிலம் எடுக்கும்போது வரும் எதிர்ப்பு ஒருவர் தலையில் விழும், ரிப்பன் வெட்டுவது வேறொருவர். நெருக்கடி வந்தால் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்டுவது எளிதல்ல. இன்னும் தொடங்காத கட்டுமானத்தை வெட்டினால் அன்றைக்கு யாருக்கும் வலிக்காது. அதனால் எப்போதும் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

அமெரிக்காவில் இதே மெத்தனம் வேறு உருவத்தில் இருக்கிறது. அங்கே பெரும்பாலான பெரிய நிலையங்கள் நகர அல்லது மாவட்ட நிர்வாகங்களுக்கோ அவை அமைத்த ஆணையங்களுக்கோ சொந்தம். ஒவ்வொரு டிக்கெட்டிலும் கட்டுமானத்துக்கென்று ஒரு கட்டணம் வசூலிக்கலாம், ஆனால் அதன் உச்சவரம்பை நாடாளுமன்றம் நிர்ணயிக்கிறது. 2000-ல் அது 4.50 டாலர் ஆனது, பிறகு உயரவே இல்லை. இடைப்பட்ட காலத்தில் சிமென்ட், இரும்பு, கூலி எல்லாம் எங்கேயோ போய்விட்டன. 2021-ல் அமெரிக்கக் கட்டடப் பொறியாளர் சங்கம் நாட்டின் விமான நிலையங்களுக்கு டி பிளஸ் என்ற மோசமான மதிப்பெண் கொடுத்தது. அந்த ஆண்டின் இறுதியில் வந்த உள்கட்டமைப்புச் சட்டம் விமானத் துறைக்கு ஐந்தாண்டுகளில் 2,500 கோடி டாலர் ஒதுக்கியது. நல்ல விஷயம்தான். ஆனால் ஆண்டுதோறும் சீராக வர வேண்டிய பணம் இருபதாண்டு கழித்து மொத்தமாக வரும்போது, நடுவில் ஓட்டை விழுந்த கூரையோடு மக்கள் பயணம் செய்துவிட்டார்கள்.

பணம் இருந்தாலும் முடிவு வராமல் போகலாம். ஹீத்ரோ தனியார் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இரண்டே ஓடுபாதைகள், ஆண்டுக்கு 4,80,000 விமானப் போக்குவரத்து என்ற சட்ட வரம்பு. மூன்றாவது ஓடுபாதைக்கு 2009-ல் அரசு சம்மதித்தது, 2010-ல் வந்த அடுத்த அரசு ரத்து செய்தது, 2018-ல் நாடாளுமன்றம் ஏற்றது, 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் செல்லாது என்றது, அதே டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது, 2025-ல் இன்னொரு அரசு மறுபடி ஆதரவு சொன்னது. இன்னும் மண் தோண்டவில்லை.

அவசரமும் ஆபத்துதான்

இவ்வளவையும் படித்துவிட்டு, "கட்டாயப்படுத்தி உடனே கட்டிவிட வேண்டியதுதானே" என்று தோன்றலாம். ஜப்பானின் நரிட்டாவில் அதைத்தான் செய்தார்கள். 1966-ல் அந்தப் பகுதி விவசாயிகளிடம் கேட்காமலேயே இடத்தை முடிவு செய்தார்கள். எதிர்ப்பு கலவரமாகி உயிர்கள் போயின. நிலையம் 1978-ல் ஒரே ஓடுபாதையுடன் திறந்தது. இரண்டாவது ஓடுபாதை 2002-ல்தான் வந்தது, அதுவும் திட்டமிட்ட நீளம் இல்லாமல். 1991-ல் தொடங்கிய பேச்சுகளின் முடிவில் அரசு தன் பழைய நடவடிக்கைக்காக வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. உழுது பிழைக்கும் நிலத்தைக் கொடுப்பவரின் பேச்சைக் கேட்க இரண்டு ஆண்டு செலவழித்திருந்தால் இருபது ஆண்டு மிச்சமாகியிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

தேவைக்கு மேல் கட்டும் ஆபத்தும் உண்மைதான். கனடாவின் மான்ட்ரியலுக்காக 1975-ல் மிராபெல் நிலையத்தைப் பிரம்மாண்டமாகத் திறந்தார்கள். நகரத்திலிருந்து தூரம், விரைவு ரயில் கடைசிவரை வரவில்லை, பழைய நிலையத்தையும் மூடவில்லை. நீண்ட தூரம் நிற்காமல் பறக்கும் விமானங்கள் வந்ததும் மான்ட்ரியலில் இறங்கிப் போக வேண்டிய அவசியமும் குறைந்தது. 2004-ல் பயணிகள் சேவை நின்றது, பிறகு முனையத்தையே இடித்துவிட்டார்கள். அவசர அவசரமாக இடையில் வரைபடத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு பெர்லின் இருக்கிறது. கூரையில் புகைபோக்கி தெரியக் கூடாது என்று, தீப்பிடித்தால் புகையைக் கீழ்நோக்கி இழுத்து வெளியேற்றும்படி அமைத்தார்கள். புகை மேலேதான் போகும். அந்த அமைப்பு சோதனையில் தேறவில்லை. 2012 ஜூனில் திறக்க வேண்டிய நிலையம் 2020 அக்டோபர் 31-ல் திறந்தது. அதுவரை, ஆண்டுக்கு 25 லட்சம் பேருக்காக வடிவமைத்த பழைய டேகல் நிலையம் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களைத் தாங்கியது.

கட்ட வேண்டாம் என்பதும் ஒரு முடிவாக இருக்கலாம். ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய சில உள்நாட்டு விமானங்களை பிரான்ஸ் 2023-ல் நிறுத்தியது. கரியமில வாயுவைக் குறைக்க அப்படி ஒரு வழியை ஒரு நாடு தேர்ந்தெடுத்தால் அதை மதிக்கிறேன். ஆனால் அதற்கும் ரயில் பாதை முன்கூட்டியே இருக்க வேண்டும், அதுவும் பொது உள்கட்டமைப்புதான்.

முந்திக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள்? சிங்கப்பூரின் சாங்கி ஐந்தாவது முனையத்துக்கு 2025-ல் அடிக்கல் நாட்டியது. திறப்பு 2030-களின் நடுவில். அதற்கான கட்டணத்தைப் பயணிகளிடம் 2018 ஜூலையிலிருந்தே வாங்கத் தொடங்கிவிட்டார்கள். ஆட்சியே மாறாத நாட்டில் இது எளிது என்று சொல்லலாம், அது சரிதான். ஆட்சி மாறும் நாட்டுக்கு அமெரிக்காவின் டென்வரைப் பார்க்கலாம். அங்கே 1995-ல் திறந்த நிலையம் தானியங்கி லக்கேஜ் அமைப்பு சரியாக ஓடாததால் 16 மாதம் தாமதமானது, வீண் செலவு என்று பலர் திட்டினார்கள். ஆனால் சுமார் 137 சதுர கிலோமீட்டர் நிலத்தைத் தொடக்கத்திலேயே எடுத்து வைத்திருந்தார்கள். ஐந்து ஓடுபாதைகளுடன் திறந்து, 2003-ல் ஆறாவதையும் சேர்த்தார்கள். 2024-ல் அங்கே 8 கோடிக்கும் மேற்பட்ட பயணிகள். கட்டடத்தைப் பிறகு கட்டிக்கொள்ளலாம், சுற்றிலும் வீடுகள் வந்த பிறகு நிலம் கிடைக்காது. முன்யோசனையில் மிக மலிவானது காலி நிலத்தை ஒதுக்கி வைப்பதுதான்.

காத்திருக்கும் காலத்திலும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஹீத்ரோவில் 2015 முதல், எதிர்க்காற்று பலமாக வீசும் நாட்களில் விமானங்களுக்கு இடையே தூரத்துக்குப் பதிலாக நேர இடைவெளியைக் கணக்கில் எடுக்கிறார்கள். காற்று நாளில் விமானங்கள் மெதுவாக நகர்வதால் முன்பு இழந்த இறக்கங்களில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது. சோதனை மேசையை இரண்டு மீட்டர் நீட்டுவதும் இந்த வகைதான்.

இனிமேல் ஒரு நிலையத்துக்குப் புது முனையம் அறிவித்திருப்பதாகச் செய்தி வந்தால், எத்தனை கோடிப் பேர் என்ற எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த எண் முனையத்தினுடையதா, ஓடுபாதையினுடையதா? நிலம் கைக்கு வந்துவிட்டதா? பணம் எந்த ஆண்டு பட்ஜெட்டில் இருக்கிறது? சோதனைக்கும் இமிக்ரேஷனுக்கும் ஆள் எடுக்க அனுமதி கிடைத்துவிட்டதா? பதில் கிடைக்காத கேள்வி எதுவோ, அடுத்த வரிசை அங்கேதான் நிற்கும்.